வாலரண்ட்: ரேங்க் ஆட்டத்துக்குப் புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரயட் கேம்ஸின் வாலரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டைக் கணினி விளையாட்டு வெளிவந்தது 2020 ஜூன் 2-ல். ஐந்து பேருக்கு ஐந்து பேர். ஒரு பக்கம் ஸ்பைக் என்கிற குண்டை வைக்கப் பார்க்கும், இன்னொரு பக்கம் தடுக்கும், 13 ரவுண்டை முதலில் எடுத்தவர் ஜெயித்தார். கணக்கு 20-ஆம் லெவலைத் தொட்டதும், ஜெயித்தால் நிலை ஏறி தோற்றால் இறங்கும் ரேங்க் ஆட்டம் திறக்கும். அதுவரை ஜாலியாக ஆடிக்கொண்டிருந்த பலரும் அன்றிலிருந்துதான் தூக்கம் கெட்டு, "எங்கே தப்பு செய்கிறேன்?" என்று கேட்க ஆரம்பிக்கிறார்கள். அப்படிக் கேட்கிறவர்களுக்காக எழுதியது இது. டயமண்ட் மாதிரி மேல் ரேங்கில் இருப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

லெவல் 20 வந்துவிட்டது. உடனே ரேங்க் ஆடலாமா, இன்னும் பழகவேண்டுமா?

ஆடலாம். "நன்றாகக் கற்றுக்கொண்டு அப்புறம் ஆடுகிறேன்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அது தேவையில்லை. ரேங்க் ஆட்டத்தில் எதிரில் இருப்பவர்கள் உண்மையாகவே ஜெயிக்க ஆடுவார்கள், ரேங்க் கணக்கில் சேராத அன்ரேட்டடில் பாதிப் பேர் பொழுதுபோக்குக்கு வந்தவர்கள். கற்றுக்கொள்ள எது நல்ல இடம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் உள்ளே போகும் முன் குறைந்தபட்சம் இரண்டு ஏஜென்ட்டுகளின் (நீங்கள் எடுத்து ஆடும் பாத்திரங்கள்) எல்லா சக்திகளும் கைக்குப் பழகியிருக்க வேண்டும், மேப்பில் முக்கிய இடங்களின் பெயர் தெரிய வேண்டும், எந்த ரவுண்டில் காசு செலவழிக்கக் கூடாது என்பது புரிந்திருக்க வேண்டும். மேப் பழக ஸ்விஃப்ட்பிளே என்ற குட்டி ஆட்டம் போதும்: ஐந்து ரவுண்டு எடுத்தால் ஆட்டம் முடிந்துவிடும்.

என்னை அயர்னில் போட்டுவிட்டது. நான் அவ்வளவு மோசமா?

அயர்ன், பிரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்ட், பிளாட்டினம், டயமண்ட், அசென்டன்ட், இம்மார்ட்டல் என்று எட்டு நிலை, ஒவ்வொன்றிலும் மூன்று படி, உச்சியில் ரேடியன்ட் தனியாக. மொத்தம் 25 படிகள். அசென்டன்ட் வரை ஒவ்வொரு படிக்கும் 100 ஆர்.ஆர். (ரேங்க் ரேட்டிங்) புள்ளிகள். ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும்.

கண்ணுக்குத் தெரியும் இந்தப் புள்ளிக்குப் பின்னால் எம்.எம்.ஆர். (மேட்ச்மேக்கிங் ரேட்டிங்) என்று ஒரு மறைவான மதிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. யாரோடு யாரை மோதவிடுவது என்று முடிவு செய்வது அதுதான். ஜெயிக்கும்போது கிடைக்கும் புள்ளி, தோற்கும்போது போகும் புள்ளியைவிடத் தொடர்ந்து அதிகமாக இருந்தால், உங்கள் ரேங்க் இருக்கவேண்டிய இடத்துக்குக் கீழே இருக்கிறது, ஆட்டம் உங்களை மேலே இழுக்கிறது என்று பொருள். தலைகீழாக இருந்தால் கொஞ்ச நாள் இழுபறிதான்.

இந்த மாதிரிக் கணக்குகளுக்கெல்லாம் மூலம் சதுரங்கத்தில் இருக்கிறது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாத் ஈலோ கொண்டுவந்த முறையை உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970-ல் ஏற்றுக்கொண்டது. அதன் அடிப்படை ரொம்பச் சாதாரணம்: உங்களைவிட வலுவானவரை ஜெயித்தால் அதிகம் ஏறும், பலவீனமானவரிடம் தோற்றால் அதிகம் இறங்கும். அதாவது ரேங்க் என்பது உங்களைப் பற்றிய தீர்ப்பு இல்லை. அடுத்த ஆட்டத்தில் யாரோடு மோதினால் சரிசமமாக இருக்கும் என்ற கணிப்பு, அவ்வளவுதான். ஆட்டத்துக்கு ஆட்டம் திருத்தப்படுகிற கணிப்பு.

எவ்வளவு ஆடினாலும் பாதி வெற்றி, பாதி தோல்வி. ஆட்டமே என்னைக் கட்டிப்போடுகிறதா?

இல்லை. சரியான எதிரிகளைக் கண்டுபிடித்துத் தருவதுதான் அதன் வேலை, அதைச் சரியாகச் செய்தால் பாதிக்குப் பாதிதான் வரும். அங்கிருந்து ஏறுவதற்குத் தேவையான வித்தியாசம் நீங்கள் நினைப்பதைவிடச் சின்னது. ஒரு ஆட்டத்துக்கு ஏறுவதும் இறங்குவதும் 20 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 ஆட்டத்தில் 55 ஜெயித்து 45 தோற்றால் கையில் நிற்பது பத்து ஆட்டத்தின் புள்ளி, அதாவது 200. இரண்டு படி ஏறியாயிற்று. நூற்றுக்கு ஐந்து ஆட்டத்தைத் தோல்வியிலிருந்து வெற்றிக்குத் திருப்பியதால் வந்தது இது.

ஒரு வாரம் ஆடிவிட்டு "ஒன்றும் மாறவில்லையே" என்று சோர்ந்துபோவது ஏன் தவறு என்பதும் இதிலிருந்தே தெரியும். இருபது ஆட்டத்தில் ஒரே ஒரு ஆட்டத்தின் வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

டீம்மேட்ஸ் சரியில்லை. இவர்களை வைத்துக்கொண்டு எப்படி ஏறுவது?

சரியில்லாத ஆட்கள் வரத்தான் செய்வார்கள், பாதியில் இணைப்பைத் துண்டித்துக்கொண்டு போகிறவர்களும் வருவார்கள். அந்த ஆட்டம் போனது போனதுதான். ஆனால் எதிரணியிலும் அதே கூட்டத்திலிருந்துதான் ஐந்து பேர் வருகிறார்கள், உங்கள் பக்கம் நான்கு பேர்தான் வருகிறார்கள். நீங்கள் பாதியில் போகாமல், கத்தாமல், கடைசி ரவுண்டு வரை ஆடினாலே கணக்கு கொஞ்சம் உங்கள் பக்கம் சாய்கிறது. இதைத் தாண்டி இந்தக் கேள்வியில் நேரம் செலவழிப்பது வீண். திருத்தக்கூடியவர் ஒருவர்தான் அணியில் இருக்கிறார்.

எய்ம் (குறிபார்த்துச் சுடுவது) சரியில்லை. தினமும் எவ்வளவு நேரம் பயிற்சி செய்யவேண்டும்?

கீழ் ரேங்குகளில் "எய்ம் சரியில்லை" என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி எய்ம் பிரச்சினையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. இரண்டு விஷயம்தான் அதில் ஒளிந்திருக்கிறது.

முதலாவது, கிராஸ்ஹேர், அதாவது திரை நடுவில் இருக்கும் குறி, எங்கே இருக்கிறது என்பது. பிரான்ஸ் ரேங்கில் இருக்கும் ஓர் ஆட்டக்காரர் நடப்பதைக் கவனியுங்கள்: கிராஸ்ஹேர் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும், அல்லது நடுச்சுவரில் ஒட்டிக்கொண்டு வரும். எதிரி மூலையிலிருந்து வெளியே வந்ததும் அங்கிருந்து மேலே தூக்கி, பக்கவாட்டில் இழுத்து, அப்புறம் சுடவேண்டும். பந்து கையைவிட்டுக் கிளம்பிய பிறகு மட்டையைத் தேடுகிற கதைதான். கோல்டில் இருப்பவரின் கிராஸ்ஹேர் எப்போதும் தலை உயரத்தில், அடுத்து ஆள் வரக்கூடிய மூலையில் இருந்து ஓர் அடி தள்ளி நிற்கும். எதிரி அவராகவே அதற்குள் நடந்து வருகிறார். கை வேகம் இரண்டு பேருக்கும் ஒன்றாகவே இருக்கலாம். ஒருவர் மவுஸை ஒரு அங்குலம் நகர்த்துகிறார், மற்றவர் நகர்த்தவே இல்லை. தலை உயரம் பழக, மேப்பில் யாரும் இல்லாதபோது தனி கேம் போட்டு, சுவரில் இருக்கும் கோடு, பெட்டியின் விளிம்பு இவற்றையெல்லாம் அடையாளம் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். சலிப்பான வேலை. ஆனாலும் இதைவிடப் பலன் தரும் பத்து நிமிடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இரண்டாவது, ஓடிக்கொண்டே சுடுவது. வாண்டலோ ஃபேண்டமோ, எந்த ரைஃபிளானாலும் ஓடும்போது சுட்டால் குண்டு எங்கே போகும் என்று துப்பாக்கிக்கே தெரியாது. நிற்கவேண்டும், அப்புறம் சுடவேண்டும். இடதுபக்கம் நகர்ந்துகொண்டிருந்தால் அந்த விசையை விட்டுவிட்டு எதிர்ப்பக்க விசையை ஒரு தட்டு தட்டினால் சட்டென்று நின்றுவிடும், அந்தக் கணத்தில் சுடுங்கள். இரண்டு மூன்று குண்டு. படவில்லையா, மறுபடி நகருங்கள், மறுபடி நில்லுங்கள். நின்ற இடத்தில் உட்கார்ந்துகொண்டு இருக்கிற குண்டையெல்லாம் கொட்டுவதுதான் புதியவர்களின் அடையாளம்.

நேரக் கணக்கு கேட்டால், ரேஞ்சில் (பொம்மைகளைச் சுடும் பயிற்சி இடம்) பத்து நிமிடம், ஒரு டெத்மேட்ச் (அணி இல்லாமல் எல்லோரும் எல்லோரையும் சுடும் ஆட்டம்). அதற்குமேல் வேண்டாம். டெத்மேட்சிலும் முதலிடம் வரப் பார்க்காதீர்கள், தலை உயரத்தையும் நின்று சுடுவதையும் மட்டும் பாருங்கள்.

சென்சிட்டிவிட்டி எவ்வளவு வைக்கலாம்? நல்ல மவுஸ் வாங்கணுமா?

மவுஸின் டி.பி.ஐ.-யை (அசைவை அது எவ்வளவு நுணுக்கமாக எண்ணுகிறது என்ற அளவு) ஆட்டத்தில் உள்ள சென்சிட்டிவிட்டியால் பெருக்கிப் பாருங்கள். 200-லிருந்து 400-க்குள் வந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சரி. உதாரணமாக 800 டி.பி.ஐ., 0.35 என்றால் 280. ஒன்றை முடிவு செய்தபின் ஒரு மாதம் தொடாதீர்கள், தோற்ற ஒவ்வொரு நாளும் மாற்றினால் கை எதையும் பழகாது. விலை உயர்ந்த மவுஸ் இப்போதைக்கு வேண்டாம். அகலமான மவுஸ்பேடு ஒன்று வாங்குங்கள், மேசையில் கை நகர இடம் வேண்டும்.

பிங், அதாவது சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம், அதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மும்பை சர்வர் 2020-ன் கடைசியில் வந்தது. சென்னையில் சில இணைப்புகளுக்கு சிங்கப்பூரும் கிட்டத்தட்ட அதே பிங் காட்டும், ஏனென்றால் கடலடிக் கேபிள் சென்னையிலிருந்தே நேராகப் போகிறது. ஆட்டம் தேடும் முன் இரண்டையும் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் வைஃபையை விட்டுவிட்டுக் கேபிள் போட்டுக்கொள்ளுங்கள், சராசரி பிங்கைவிட அது திடீர் திடீரென்று எகிறுவதுதான் உயிரை வாங்கும்.

எந்த ஏஜென்ட் எடுத்தால் சீக்கிரம் ஏறலாம்?

ஆரம்பத்திலேயே கையில் கிடைப்பவர்கள் பிரிம்ஸ்டோன், ஜெட், ஃபீனிக்ஸ், சேஜ், சோவா. பார்க்கிறவர்கள் எல்லாம் ஜெட்டை எடுக்கிறார்கள். புதியவர் ஜெட் எடுத்தால் முதல் ஆளாக உள்ளே போய் முதல் ஆளாகச் சாகிறார், ரவுண்டின் மிச்சத்தைப் பார்வையாளராக உட்கார்ந்து பார்க்கிறார். பிரிம்ஸ்டோனை எடுங்கள். மேப்பைத் திறந்து மூன்று இடத்தைக் குறித்தால் பார்வையை மறைக்கும் மூன்று ஸ்மோக் விழும், கை வித்தை ஒன்றும் தேவையில்லை. எந்த வழியை அடைத்தால் எதிரிக்குக் கஷ்டம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவீர்கள், அந்த யோசனைதான் மேப் அறிவு. இன்னொருவர் பிரிம்ஸ்டோன் எடுத்துவிட்டால் சேஜ். கில்ஜாய் திறந்துவிட்டால் அவரும் நல்ல தேர்வு, பின்னால் யாராவது வந்தால் அவரது கருவிகளே சொல்லிவிடும். இரண்டு பேர், அதிகம் போனால் மூன்று பேர். அதோடு நிறுத்துங்கள்.

ஸ்கோர்போர்டில் நான்தான் மேலே, ஆனாலும் தோற்கிறோம்?

ரவுண்டு ஏற்கெனவே போய்விட்ட பிறகு, துப்பாக்கியைக் காப்பாற்றிக்கொள்ள ஓடும் எதிரிகள் இரண்டு பேரைச் சுட்டாலும் அது கில்தான். முதல் முப்பது நொடியில், ஸ்பைக் வைக்கும் இடமான சைட்டைத் திறந்துவிடும் ஒரே ஒரு கில்லும் கில்தான். ஸ்கோர்போர்டுக்கு வித்தியாசம் தெரியாது. ஃப்னாட்டிக் என்ற தொழில்முறை அணியின் கேப்டன் போஸ்டரை (Boaster) எடுத்துக்கொள்ளுங்கள்: அவர் அணி 2023-ல் சாவ் பாவ்லோவில் லாக்-இன், டோக்கியோவில் மாஸ்டர்ஸ் என்று இரண்டு சர்வதேசக் கோப்பைகளை எடுத்தது, அவரது பேர் கில் எண்ணிக்கையால் வந்தது அல்ல, அணியை நடத்துவதால் வந்தது.

காசுக் கணக்கு புரியவே மாட்டேன் என்கிறது. இரண்டாவது ரவுண்டில் ஏன் எல்லோரும் "சேவ், சேவ்" என்கிறார்கள்?

இதை ஒரு தடவை எண்களோடு பார்த்துவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது. முதல் ரவுண்டுக்கு 800 கிரெடிட். முழுவதும் செலவழித்துவிட்டீர்கள், ரவுண்டும் போய்விட்டது. தோற்ற அணிக்கு 1900 வரும். இப்போது இரண்டு வழி.

ஒன்று, ஆசைப்பட்டு 1600-க்கு ஸ்பெக்டர் துப்பாக்கி வாங்குவது. மிச்சம் 300. அந்த ரவுண்டும் தோற்றால், தொடர்ந்து இரண்டாவது தோல்விக்கு 2400 வரும். மொத்தம் 2700. வாண்டல் 2900. வாங்க முடியாது! மூன்றாவது ரவுண்டும் அரைகுறை ஆயுதத்தோடுதான், எதிரிகள் ரைஃபிளோடு வருவார்கள்.

இரண்டு, 1900-ஐ அப்படியே வைத்துக்கொள்வது. தோற்றால் 2400 சேர்ந்து 4300. வாண்டல் 2900, கனமான கவசம் 1000, போக 400 சக்திகளுக்கு. ஐந்து பேரும் இப்படிச் செய்தால் மூன்றாவது ரவுண்டில் சமபலத்தோடு நிற்பீர்கள்.

மூன்றாவது தோல்வியிலிருந்து 2900, ஜெயித்தால் எப்போதும் 3000, ஒரு கில்லுக்கு 200, பையில் 9000-க்குமேல் நிற்காது. இவை போதும். வாங்கும் திரையிலேயே அடுத்த ரவுண்டுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு இருக்கும் என்று காட்டும், அதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நான்கு பேர் சேமிக்கும்போது ஒருவர் மட்டும் வாங்குவது, நான்கு பேர் வாங்கும்போது ஒருவர் மட்டும் சேமிப்பது, இரண்டுமே அணியைக் கவிழ்க்கும். தப்பான முடிவாக இருந்தாலும் ஐந்து பேரும் சேர்ந்து எடுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: தாக்கும் பக்கத்தில் ஸ்பைக்கை வைக்காமலே உயிரோடு ஒளிந்திருந்து ரவுண்டைத் தோற்றால் உங்களுக்கு 1000 மட்டும்தான். கையில் நல்ல துப்பாக்கி இருந்தால் ஒளிந்திருங்கள், வெறும் பிஸ்டலைக் காப்பாற்ற ஒளியாதீர்கள்.

ஸ்பைக்கை வைத்தாயிற்று, கடைசியில் ஒருவருக்கு ஒருவர். எப்போதும் தோற்கிறேன்.

அசென்ட் மேப், பி சைட். ஸ்பைக்கை வைத்துவிட்டு நீங்கள் பி மெயினில் இருக்கிறீர்கள், எதிரி மார்க்கெட் பக்கமிருந்து வருகிறார். ஸ்பைக் வெடிக்க 45 நொடி, செயலிழக்கச் செய்ய 7 நொடி. அப்படியென்றால் வைத்ததிலிருந்து 38-ஆவது நொடிக்குள் அவர் ஸ்பைக்கில் கை வைத்தே ஆகவேண்டும். அவசரம் முழுவதும் அவருக்கு. இந்த நேரத்தில் "எங்கே இருக்கிறான்" என்று தேடிக்கொண்டு மார்க்கெட்டுக்குள் போனால், கையில் இருந்த ஒரே சாதகத்தை அவருக்குக் கொடுத்துவிடுகிறீர்கள்.

ஸ்பைக் தெரியும் இடத்துக்குப் பக்கத்தில், ஆனால் மறைவாக நில்லுங்கள். ஓடாதீர்கள், காலடிச் சத்தம் கேட்கும். ஸ்பைக்கில் கை வைக்கும் சத்தம் வரும். உடனே பாயாதீர்கள், அது பெரும்பாலும் பொய்: உங்களை வெளியே இழுக்க ஒரு தட்டு தட்டிவிட்டுத் துப்பாக்கியோடு நிற்பார். சத்தம் தொடர்கிறதா என்று மனதுக்குள் இரண்டு, மூன்று எண்ணுங்கள். தொடர்ந்தால் உண்மையாகவே ஆரம்பித்துவிட்டார், இப்போது வெளியே வந்து சுடுங்கள். மூன்றைத் தாண்டிக் காத்திருக்கவும் கூடாது, 3.5 நொடியில் பாதி வேலை பதிவாகிவிடும், அதன்பிறகு அவர் விட்டுவிட்டுத் திரும்பி வந்தாலும் மிச்சம் பாதி செய்தால் போதும்.

எதைக் கவனித்தால் சீக்கிரம் முன்னேறலாம்? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

எப்படிச் செத்தீர்கள் என்பதைக் கவனியுங்கள். எப்படிச் சுட்டீர்கள் என்பதை வேண்டாம்.

சுட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், நண்பர்களுக்கு வீடியோ அனுப்புவதும் அதைத்தான். ஒரு ஆட்டத்தில் பதினைந்து தடவை செத்திருப்பீர்கள், அதில் ஒன்றாவது மனதில் நிற்கிறதா? செத்த பிறகு அடுத்த ரவுண்டு தொடங்கச் சில நொடிகள் இருக்கும். அப்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தச் சண்டைக்குப் போயிருக்கவே வேண்டுமா? "அவன் நல்லாச் சுட்டான்" என்பது பதில் இல்லை. தனியாகப் போனேன், இரண்டு பக்கமிருந்து தெரியும் இடத்தில் நின்றேன், ரீலோட் போட்டுக்கொண்டே திரும்பினேன், ஏற்கெனவே ஒருவரைச் சுட்ட அதே மூலையில் மறுபடி தலைகாட்டினேன். இப்படி ஒரு வரியில் வரவேண்டும். பிசியில் 2025-லிருந்து கேமுக்குள்ளேயே ரீப்ளே இருக்கிறது. முழு ஆட்டத்தையும் பார்க்கவேண்டாம், உங்கள் சாவுகளை மட்டும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் பத்து நொடி ஓட்டிப் பாருங்கள், கையில் ஒரு தாள் வைத்து எழுதுங்கள். இரண்டு மூன்று ஆட்டம் பார்த்ததும் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். அந்த வாரம் அதை மட்டும் திருத்துங்கள், மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும்.

அடுத்த வாரம் வேறு வரி மேலே வரும். யூடியூபில் "ஏறுவதற்கு இருபது வழி" பார்ப்பதைவிட இது மெதுவாகத் தோன்றும். ஆனால் அந்த இருபதில் உங்களுக்கு வேண்டியது எது என்று வீடியோ போட்டவருக்குத் தெரியாது, உங்கள் சாவுகளுக்குத் தெரியும்.

ஒரு ஆட்டம் தோற்றால் அதை மீட்க அடுத்தடுத்து ஆடி இன்னும் கீழே போய்விடுகிறேன்.

இரண்டு தொடர்ச்சியாகத் தோற்றால் அன்றைக்கு ரேங்க் முடிந்தது. இதை ஆட்டத்துக்கு உட்காரும் முன்பே முடிவு செய்யுங்கள், தோற்ற சூட்டில் யாராலும் நல்ல முடிவு எடுக்க முடியாது. ராத்திரி ஒரு மணிக்கு ஆடும் கடைசி ஆட்டத்தில் கையும் கண்ணும் உங்களுடையதே இல்லை. பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் இதைப் படித்தால் வெளிப்படையாகவே சொல்கிறேன்: ஒரு ஆட்டம் முக்கால் மணி நேரம் வரை இழுக்கும், பாதியில் எழுந்து போனால் தண்டனை உண்டு. பரீட்சைக்கு முந்தின இரவு "ஒன்றே ஒன்று" என்று ஆரம்பிக்காதீர்கள்.

காசு கொடுத்தால் ரேங்க் ஏற்றித் தருகிறார்களாமே?

வேண்டாம். கணக்கைப் பிறர் கையில் கொடுப்பது விதிமீறல், தடை விழும். விழாவிட்டாலும், உங்கள் அளவுக்கு மேற்பட்டவர்களோடு மோதித் தோற்றுத் தோற்று பழைய இடத்துக்கே வருவீர்கள், இந்தத் தடவை காசும் போயிருக்கும்.

வாய்ஸ் சாட்டில் அசிங்கமாகத் திட்டுகிறார்கள். பெண் குரல் கேட்டாலே ஆரம்பித்துவிடுகிறார்கள். என்ன செய்வது?

முதல் வார்த்தையிலேயே மியூட். பதில் சொல்லவேண்டாம், ஆட்டம் முடிந்ததும் ரிப்போர்ட் செய்யுங்கள். எதிரி எங்கே என்று அவர் சொல்வது கேட்காமல் போவது சின்ன நஷ்டம், முப்பது நிமிடம் திட்டு வாங்கிக்கொண்டே ஆடுவது பெரிய நஷ்டம். பெண்கள் மைக்கை அணைத்துவிட்டு ஆடுகிற நிலைமை இருப்பது கேவலம், அதைப் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும் மற்ற மூன்று பேரும் அதற்குப் பொறுப்பு. அந்த மூன்று பேரில் ஒருவராக இருந்தால் வாயைத் திறந்து நிறுத்தச் சொல்லுங்கள். 2023-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் உலக சாம்பியன் ஆன ஈவில் ஜீனியஸஸ் அணியின் அப்போதைய தலைமைப் பயிற்சியாளர், பாட்டர் என்று அறியப்படும் கிறிஸ்டின் சீ என்ற பெண். இந்த ஆட்டம் யாருக்கானது என்று யாராவது கேட்டால் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

எனக்கு இந்தி தெரியாது. மும்பை சர்வரில் எல்லோரும் இந்தியில் பேசுகிறார்கள், நான் எப்படித் தகவல் சொல்வது?

இதற்காக மைக்கை அணைத்து வைக்காதீர்கள். ஆட்டத்தின் நடுவே வாக்கியம் யாருக்கும் தேவையில்லை. எத்தனை பேர், எந்த இடம், எவ்வளவு அடி பட்டிருக்கிறது, இந்த மூன்றும் போதும்: "டூ பி மெயின்", "ஒன் ஹெவன், லோ". இடத்தின் பெயர் மினிமேப்பிலேயே எழுதியிருக்கும், எல்லா மொழிக்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள். செத்த உடனே இரண்டு நொடிக்குள் சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள், உயிரோடு இருப்பவருக்குக் காலடிச் சத்தம் கேட்க வேண்டும். பேசவே கூச்சமாக இருந்தால் மேப்பில் குறி போடும் பிங்கைப் போடுங்கள் (இது முன்னால் சொன்ன சர்வர் பிங் அல்ல), எதிரியைப் பார்த்த இடம் மேப்பில் எல்லோருக்கும் தெரியும். ரவுண்டுக்கு முன்னால் பிரிம்ஸ்டோன் ஸ்மோக் எங்கே போடப்போகிறார் என்பதையும் அதே பிங்கால் காட்டிவிடலாம்.